சிமெண்ட் கோர்ட்டில் கூடைப்பந்து ஷூவை மதிப்பிடுவது எப்படி?

கூடைப்பந்து ஷூக்களைப் பற்றி இன்று படிக்கவும் பார்க்கவும் கிடைக்கும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, குளிரூட்டப்பட்ட உள்ளரங்கில், மேப்பிள் மரப்பலகை பதித்த வழவழப்பான தரையில் ஆடிப் பார்த்துச் சொல்லப்பட்டவை. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பந்தாடுகிறவர்களில் பலருக்கு வாய்ப்பது பள்ளி, கல்லூரி மைதானங்களின் வெட்டவெளிக் கோர்ட்தான். அங்கே தரை வெறும் சிமெண்ட்டாக இருக்கும். இல்லையென்றால் அதன்மேல் சிந்தெடிக் வண்ணம் பூசியிருப்பார்கள். மரத்தரையில் முதலிடம் பிடித்த ஷூ, இந்தத் தரையில் சில மாதங்களிலேயே சோல் மொட்டையாகி வழுக்கத் தொடங்குவதைப் பல வீரர்கள் பார்த்திருப்பார்கள். அந்த மதிப்பீடுகள் பொய்யல்ல. அவை வேறொரு தரைக்கு எழுதப்பட்டவை.

எனவே மதிப்பீட்டை நாமே செய்துகொள்வதுதான் நல்லது. ஷூவின் செயல்திறன் என்பது, கடையில் காலை நுழைத்ததும் கிடைக்கும் சுகம் அல்ல. நாம் ஆடும் தரையில், நம் உடல் எடையைச் சுமந்து, ஒரு மாத ஆட்டத்துக்குப் பிறகும் அந்த ஷூ என்ன செய்கிறது என்பதே. இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் அளவுகோல், சமையலறைத் தராசு, கைப்பேசி, சாக்பீஸ், ஒரு நோட்டு ஆகியவையும் உடன் ஆடும் நண்பர் ஒருவரும் போதும். பார்க்க வேண்டிய வரிசையும் முக்கியம். முதலில் காலுக்குப் பொருந்துகிறதா என்றும், அடுத்துக் கிரிப் எப்படி என்றும், பிறகு பக்கவாட்டில் காலைத் தாங்குகிறதா என்றும் பார்த்துவிட்டு, அதன் பின்னரே குஷனுக்கு வர வேண்டும். பலரும் குஷனில் தொடங்குவதால்தான் ஏமாறுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

காலில் பொருந்துகிறதா?

பாதம் பகல் முழுவதும் சிறிது சிறிதாக வீங்குவதால் அளவை மாலையில்தான் எடுக்க வேண்டும். சுவரோடு குதிகாலை ஒட்டி, தரையில் விரித்த தாளின் மேல் முழு எடையையும் ஊன்றி நின்று, மிக நீண்ட விரலின் நுனியை வேறொருவர் குறிக்கட்டும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவையே கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பொதுவாக யு.கே. எண்ணில் பேசுவார்கள், வெளிநாட்டு ஷூவின் பெட்டியில் யு.எஸ்., யு.கே., ஐரோப்பிய எண்களோடு செ.மீ. அளவும் அச்சாகியிருக்கும். நைக்கி போன்ற நிறுவனங்களில் ஆண்களுக்கான யு.எஸ். எண் யு.கே. எண்ணைவிட ஒன்று கூடுதலாக இருப்பதால், எண்ணை மட்டும் நம்பி ஆன்லைனில் வாங்குகிறவர்கள் குழம்பிவிடுகிறார்கள். தாளில் அளந்த நீளத்தைச் செ.மீ. அளவோடு ஒப்பிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பானது. பெண்களுக்கென்று தனியாக வரும் கூடைப்பந்து ஷூக்கள் நம் கடைகளில் குறைவு என்பதால், வீராங்கனைகள் பெரும்பாலும் ஆண்கள் அளவிலேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் நீளத்தைவிடக் குதிகால் பகுதியின் பிடிமானத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பெண்களின் குதிகால் முன்பாதத்தோடு ஒப்பிடும்போது பொதுவாகக் குறுகலானது.

விளையாடும்போது அணியும் தடித்த சாக்ஸையே கடைக்கும் கொண்டுபோய் அணிய வேண்டும். லேஸை இறுக்கிக் கட்டி நின்றபின் விரல் நுனிக்கு முன்னால் ஏறத்தாழ 1 செ.மீ. இடம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நகம் இடிக்கும். மிகுந்தால் பாதம் உள்ளேயே முன்னும் பின்னும் ஓடும். சிறு வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களின் முன்பாதம் அகன்று விரிந்திருக்கும். மேலைநாட்டு அச்சில் வார்த்த ஒடுங்கிய ஷூக்கள் இப்படிப்பட்ட காலில் சுண்டுவிரல் பக்கத்தைக் கடிக்கும். “போடப் போடச் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் சொல்வது தோலில் செய்த ஷூவுக்கு ஓரளவு பொருந்தலாம். உருக்கி ஒட்டிய செயற்கைத் துணியும் பிளாஸ்டிக் படலமும் அப்படி நெகிழ்ந்து கொடுப்பதில்லை. இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் வைத்து, அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்கு உரியதல்ல.

குதிகாலின் பிடியைச் சோதிக்க, முன்விரல்களில் எம்பி நின்று, அப்படியே பின்புறமாகப் பத்து அடி நடந்து பாருங்கள். குதிகால் மேலேறி இறங்கினால் லேஸைக் கடைசித் துளை வரை கோத்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறினால் விட்டுவிடுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. நுனியையும் குதியையும் பிடித்து வளைத்தால் ஷூ விரல்களின் அடிமூட்டு இருக்கும் இடத்தில் வளைய வேண்டும். உள்ளங்கால் குழியில் வளைந்தால் நடுப்பகுதிக்குப் பலமில்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தால் சற்றே எதிர்க்க வேண்டும். குதிகாலின் பின்புறத்தை இரு விரல்களால் அழுத்தினால் உள்ளே அமுங்காத கெட்டியான கிண்ணம் ஒன்று தட்டுப்பட வேண்டும். சமதளமான மேசையில் வைத்து மேலிருந்து பார்த்தால், சுண்டுவிரல் பக்கத்தில் சோல் மேல்பகுதியைவிடச் சற்று வெளியே நீண்டிருப்பது நல்லது. பக்கவாட்டில் பாயும்போது கால் புரளாமல் தாங்குவது அந்த நீட்சிதான்.

சோலின் பள்ளங்களை நேரம் எடுத்துப் பாருங்கள். மீன்முள் போல வளைந்து வளைந்து ஓடும் ஹெர்ரிங்போன் வடிவம் பல திசைகளில் பிடிமானம் தருவதோடு தூசியையும் ஓரளவு வெளியேற்றுகிறது. நெருக்கமான, ஆழமற்ற கோடுகள் உள்ளரங்குக்கு ஏற்றவை. நம் கோர்ட்டின் மண் அவற்றில் அப்பிக்கொண்டால் ரப்பர் தரையைத் தொடவே தொடாது. நகத்தால் அழுத்தும்போது எளிதில் குழியும் மென்மையான ரப்பர் மரத்தரையில் அருமையாகப் பிடிக்கும். சிமெண்ட்டிலோ அழிப்பான் போலக் கரையும். வெளித்தரைக்கென்றே கெட்டியான ரப்பரில் தனி வகைகளைச் சில நிறுவனங்கள் தயாரிக்கின்றன; நைக்கி அதற்கு எக்ஸ்.டி.ஆர். என்று பெயரிட்டிருக்கிறது. பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், சிமெண்ட்டில் நாள்தோறும் ஆடுகிறவர்களுக்கு அந்த ஷூவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோர்ட்டில் கிரிப்

புதிய ஷூவை முதல் நாளே சோதித்து முடிவெடுக்கக் கூடாது. அச்சிலிருந்து எடுத்த ரப்பரின் மேல் மெல்லிய வழவழப்பு எஞ்சியிருக்கும். அது தேய்ந்து போகும் வரை இரண்டு மூன்று மாலைகள் ஷூட்டிங் பயிற்சிக்கு மட்டும் அணியுங்கள். சோதனை நாளில், இப்போது அணிந்துவரும் பழைய ஷூவையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே சாக்ஸ், ஒரே கோர்ட், ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு பழையது, புதியது, புதியது, பழையது என்ற வரிசையில் மாற்றி மாற்றி அணிந்தால், உடல் களைப்பு ஒரு ஷூவுக்கு மட்டும் பாதகமாகாமல் இருக்கும். ஒரு காலில் ஒன்றும் மறுகாலில் மற்றொன்றுமாக அணிவது வேண்டாம். உயர வேறுபாட்டால் மூட்டுக்குக் கேடு வரலாம்.

கூடைக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோடான எண்ட்லைனிலிருந்து ஃப்ரீ த்ரோ கோடு 5.8 மீட்டர் தூரம். எண்ட்லைனில் தொடங்கி முழுவேகத்தில் ஓடி, ஃப்ரீ த்ரோ கோட்டில் இரு கால்களையும் ஒன்றாக ஊன்றி ஜம்ப் ஸ்டாப் செய்யுங்கள். நம் கோர்ட்டில் தூசி இருப்பது இந்தச் சோதனைக்கு உதவியாகவே அமைகிறது: சோல் இழுபட்ட இடம் சாம்பல் நிறக் கோடாகத் தரையிலேயே தெரியும். நண்பர் அதன் இரு முனைகளையும் சாக்பீஸால் குறித்து அளக்கட்டும். ஐந்து முறை ஓடி, கிடைத்த அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். இதையே பெருக்கிய பகுதியிலும் பெருக்காத பகுதியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பெருக்கிய தரையில் இரண்டு ஷூக்களும் ஏறத்தாழச் சமமாக நின்று, பெருக்காத தரையில் ஒன்று மட்டும் இரு மடங்கு தூரம் வழுக்குவது உண்டு. ஆடிக் காற்றில் மைதானத்து மண் முழுவதும் கோர்ட்டின் மேல் வந்து படியும் நாட்களில், ஆட்டத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது எண்தான். ஆட்டத்தின் நடுவே எத்தனை முறை குனிந்து சோலைக் கையால் துடைக்க நேர்கிறது என்பதையும் எண்ணுங்கள். அடிக்கடி துடைத்தால்தான் பிடிக்கும் ஷூ, எதிரணி ஃபாஸ்ட் பிரேக்கில் (நாம் திரும்பும் முன் விரைந்து தாக்குவது) பாயும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

கிரிப் அளவுக்கு மிஞ்சினாலும் தொல்லைதான். பந்தைப் பிடித்து நின்று, ஒரு காலை ஊன்றி முன்னும் பின்னுமாகப் பிவட் செய்து பாருங்கள். ஊன்றிய கால் இடம் பெயர்ந்து வழுக்கினால் நடுவர் டிராவலிங் (விதிமீறிய காலசைவு) என்று ஊதுவார். கால் திரும்பாமல் தரையில் ஒட்டிக்கொண்டால் அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் போய் இறங்கும். பெருவிரலின் அடிமேட்டில் ஊன்றிச் சுழலும்போது எதிர்ப்பு சீராக இருக்க வேண்டும். சிக்கிச் சிக்கி விடுபடக் கூடாது.

எண்ணாகவே கிரிப்பை அறிய விரும்புகிறவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு வழி உண்டு. நடைபாதையில் பதிக்கும் சொரசொரப்பான சிமெண்ட் டைல் ஒன்றின் மேல், நுனி கீழ்நோக்கி இருக்கும்படி ஷூவை வைத்து, உள்ளே 1 கிலோ உப்புப் பாக்கெட்டை வையுங்கள். டைலின் ஒரு விளிம்பு தரையிலேயே இருக்க, மறு விளிம்பை மெதுவாக உயர்த்துங்கள். ஷூ வழுக்கத் தொடங்கும் கணத்தில் அந்த விளிம்பின் உயரத்தை அளந்து, தரையில் உள்ள விளிம்பிலிருந்து உயர்ந்த விளிம்புக்கு நேர்கீழே உள்ள புள்ளி வரையிலான தூரத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். பள்ளி இயற்பியலில் படித்த சாய்தளக் கணக்குதான் இது. டைலைத் துடைத்துவிட்டு ஒரு முறையும், கோர்ட்டிலிருந்து கொண்டுவந்த தூசியைத் தூவி ஒரு முறையும் செய்யுங்கள். ரப்பரின் உராய்வு அதன் மேல் விழும் எடையைப் பொறுத்து மாறும் என்பதால், இந்த எண் இரு ஷூக்களை ஒப்பிடப் பயன்படுமே தவிர, ஆளின் எடை இறங்கும்போது என்ன நடக்கும் என்பதை நேரடியாகச் சொல்லாது.

பக்கவாட்டுத் தாங்கலும் குஷனும்

கோர்ட்டின் அகலம் 15 மீட்டர். ஒரு சைடுலைனிலிருந்து மறு சைடுலைன் வரை டிஃபென்ஸ் ஸ்லைடு (தற்காப்பில் பக்கவாட்டாக நகர்வது) செய்து, நண்பர் கைதட்டும்போதெல்லாம் திசை மாறுங்கள். திரும்பும் இடங்களில் ஒன்றுக்கு நேரே கைப்பேசியைத் தரையோடு தரையாக வைத்து, ஸ்லோ மோஷனில் படமெடுங்கள். கண்ணுக்குத் தெரியாதது அதில் தெரியும்: சோல் தரையில் ஒட்டி நிற்க, பாதம் மட்டும் அதன் ஓரத்தைத் தாண்டி மேல்துணியைப் பிதுக்கிக்கொண்டு வெளியே சாய்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சாய்கிற ஷூ எவ்வளவு மென்மையாக இருந்தாலும் தற்காப்பு ஆட்டத்துக்கு உதவாது.

கணுக்காலை மூடும் உயரமான கழுத்து இருந்தால் சுளுக்கு வராது என்ற நம்பிக்கை நம் மைதானங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் 600க்கும் மேற்பட்ட கல்லூரி ஆட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வில், உயரக் கழுத்து ஷூவுக்கும் தாழ்ந்த கழுத்து ஷூவுக்கும் இடையே கணுக்கால் சுளுக்கின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2008இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் கோபி பிரையன்ட்டுக்காகத் தாழ்ந்த கழுத்தோடு ஒரு ஷூ வந்த பிறகு, தொழில்முறை ஆட்டத்திலும் அந்த வகை பெருகியது. அதனால் கழுத்தின் உயரத்துக்கென்று தனி மதிப்பெண் கொடுக்காதீர்கள். குதிகால் பிடியும் அடித்தள அகலமுமே கணக்கில் வர வேண்டியவை. முன்பே சுளுக்கு வாங்கிய காலுக்கு, லேஸ் கட்டும் கணுக்கால் பட்டையை அணிந்துகொண்டே ஷூவைச் சோதியுங்கள்.

குஷனைப் பொறுத்தவரை, ஆளுக்கு ஆள் தேவை வேறுபடும். ரீபவுண்டுக்காக (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க) மீண்டும் மீண்டும் எழும்பி இறங்கும் கனமான வீரரின் காலில் ஒவ்வோர் இறக்கத்திலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை விழுகிறது. மரத்தரை சற்று அமுங்கிக் கொடுக்கும், சிமெண்ட் தரை துளியும் கொடுக்காது. பந்தைக் கொண்டுசெல்லும் கார்டுக்கோ தடித்த குஷன் முதல் அடியின் வேகத்தைக் குறைக்கும். எழும்பி இறங்கும் பயிற்சியை இருபது முறை செய்தபின், நீங்கள் பார்க்க வேண்டியது அந்த நிமிடத்துச் சுகத்தை அல்ல. மறுநாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலும், கணைக்காலின் முன்புறமும், முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். இரண்டு ஷூவுக்கும் இடையே ஒரு நாள் ஓய்வு விட்டால்தான் இந்த ஒப்பீடு சரியாக அமையும்.

வெயிலைத் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டும். சிமெண்ட் தரை அதைவிடச் சூடாக இருக்கும். பெரும்பாலான ஷூக்களின் நடுச்சோலில் இருக்கும் ஈ.வி.ஏ. என்ற செயற்கை நுரை சூட்டில் இளகி, வழக்கத்தைவிட ஆழமாக அமுங்குகிறது. அடிடாஸ் 2013இல் கொண்டுவந்த பூஸ்ட் போன்ற, டி.பி.யூ. என்ற நெகிழும் பிளாஸ்டிக் மணிகளாலான நுரை, வெப்ப மாற்றத்துக்கு அந்த அளவுக்கு ஆட்படுவதில்லை. ஒரே ஷூவை வெயில் தாழாத மாலை 4 மணிக்கும் இருட்டிய பிறகும் அணிந்து ஆடி, குதிகாலில் தரை தட்டுகிறதா என்று கவனியுங்கள். சோலை ஒட்டிய பசையும் சூட்டில் தளரும் என்பதால், நுனிப்பகுதியின் ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்து, வாய் பிளக்கும் அறிகுறி இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை சோதியுங்கள். ஆட்டம் முடிந்த ஷூவை ஸ்கூட்டர் டிக்கியில் பூட்டி வெயிலில் நிறுத்துவது, எந்த மதிப்பீட்டையும் குலைத்துவிடும்.

ஒரு மாதக் கணக்கு

முதல் நாளிலேயே சமையலறைத் தராசில் ஒவ்வொரு ஷூவையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். பிறகு சோலில் மூன்று இடங்களில், அதாவது நுனியின் உள்ஓரம், பெருவிரல் அடிமேடு, குதியின் வெளிஓரம் ஆகிய இடங்களில், பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிபர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, நகத்தால் அடையாளமிட்டு அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சோலைக் கழுவிக் காயவைத்து, அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். வலக்கையால் லே-அப் (கூடையருகே ஓடி எழும்பிப் பந்தைப் போடுவது) போடுகிறவர் இடக்காலில் எழும்புவார். ஆகவே அவருடைய இடது ஷூவின் அடிமேடு முதலில் தேய வாய்ப்பு அதிகம். ஷூட் செய்யும்போது நுனியை இழுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நுனியின் உள்ஓரம் முதலில் போகும். தேய்மானம் ஷூவின் தரத்தோடு நம் ஆட்டத்தின் பழக்கத்தையும் சேர்த்தே காட்டுவதால், ஒரே அணியில் இருவர் ஒரே ஷூவை மதிப்பிட்டாலும் முடிவு வேறாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, அடிமேட்டில் 4 மி.மீ. ஆழமிருந்த பள்ளம் ஒரு மாதத்தில் 3.2 மி.மீ. ஆகியிருந்தால், அதே வேகத்தில் ஐந்து மாதத்தில் அந்த இடம் மொட்டையாகும். ஷூவின் விலையை ஐந்தால் வகுத்தால் மாதச் செலவு தெரிந்துவிடும். பாதி விலையில் வாங்கிய ஷூ இரண்டே மாதம் உழைத்தால் அது மலிவல்ல என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல, மாணவர்களுக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டி போன்ற ஒன்றில் ஆடப்போகிறவர்கள், இந்தச் சோதனைகளைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். போட்டி வாரத்தில் புதிய ஷூ அணிவது கொப்புளத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். நோட்டில் எழுதும்போது எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்காமல், பொருத்தம், பெருக்கிய தரையில் வழுக்கல், தூசியில் வழுக்கல், பக்கவாட்டுத் தாங்கல், மறுநாள் வலி, தேய்மானம் என்று தனித்தனியாகவே வைத்திருங்கள். கூடவே உங்கள் எடை, அணியில் நீங்கள் ஆடும் பொறுப்பு, கோர்ட்டின் தரை ஆகியவற்றையும் எழுதினால் அணியில் மற்றவர்களுக்கும் அது பயன்படும். பெருவிரல் அடிமேட்டில் பள்ளம் மறைந்த நாளோடு அந்த ஷூவை ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுங்கள். மேல்பகுதியும் குஷனும் நன்றாக இருந்தால், ஃப்ரீ த்ரோ பயிற்சிக்கும் காலை நடைக்கும் தொடர்ந்து அணியலாம்.